மூன்று தட்டு

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
மடிப்பு கிழிந்த இடத்தில் செல்லோடேப்,
டேப்பும் இப்போது ஆவணத்தின் நிறம்.
ஜவுளிக்கடைக் கவருக்குள்ளிருந்து எடுத்து
சுகுமாரன் தம்பி மேசையில் வைத்தார்.
கையை எடுக்கவில்லை.

"மலையாளத்தில உள்ளதை அப்படியே அடிக்கணும்,
அடியில தமிழ்.
திங்களாழ்ச்ச கோர்ட்டுல கொடுக்கணும்."

வறுவேல் சார் என்னைப் பார்த்தார்.
எங்கள் வீட்டில் சண்டை மலையாளத்தில்,
கணக்கு தமிழில்.
வாசிப்பேன்: களியக்காவிளையில் நின்று
பஸ் போர்டுகளைக் கூட்டிக் கூட்டிப் படித்த வாசிப்பு.
தம்பிக்கு அதுவுமில்லை,
காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

கம்ப்யூட்டருக்கு?
மலையாளக் கோப்பு ஒன்றைத் திறந்தேன்.
வரி வரியாகப் பெட்டிகள்.
கதவு நம்பர் போட்டும் ஆள் குடிவராத
வீட்டுவசதி வாரியம்.
"இது ஏது பாஷை?" என்றார் தம்பி.

பம்மத்திலிருந்து ஜெறின் வந்தான்.
மழை. சட்டைக்குள் சிடி, நெஞ்சோடு ஒட்டி.
"மெஷினுக்குத் தமிழ் தெரியும் சேச்சி.
மலையாளம் பொறவு வந்த சாதனம்.
சர்வீஸ் பேக் ரெண்டு போடணும்."
சிடியைச் சாரத்தில் துடைத்துப் போட்டான்.

அறுபத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.
யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது.
"மானிட்டரை அணைங்க, பேட்டரி நிக்கட்டும்!"
அணைத்தேன்.
குழித்துறைக் கோர்ட்டுக்கு எதிரே
நாலு பேர் இருட்டில்,
சிபியூவின் சின்னச் சிவப்பு விளக்கு
துடிக்கிறதா என்று பார்த்தபடி.
யாரும் பேசவில்லை.
பக்கத்துக் கடையில் ரப்பர் ஷீட் நாற்றம்,
மழையில் இன்னும் கூடுதலாக.

கரண்ட் வந்தபோது மணி ஆறேகால்.
திரையின் கீழ்மூலையில்
தமிழுக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் ஏறியிருந்தது.
பெட்டிகளைத் திறந்து பார்த்தேன்:
உருண்டை உருண்டையாக எழுத்து,
எல்லா வீட்டிலும் ஆள்.

சில்லெழுத்து மட்டும் வரவில்லை.
உடைந்து, தலையில் சந்திரக்கலையோடு நின்றது.
அதற்கு ஜெறினுக்கும் ஒன்றும் தெரியவில்லை.
நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனான்.

பத்திரத்தை விரித்து, சத்தமாகப் படித்துப் படித்து அடித்தேன்.
ஒவ்வொரு எழுத்துக்கும் பலகையைத் தேடினேன்.
கிழக்கே அயனிமரம்.
வடக்கே தோடு.
மேற்கே... விரல் முந்திக்கொண்டது.
தமிழ் என்று நினைத்து அடித்துவிட்டேன்,
திரையில் மலையாளம்.

வ-வும் ழ-வும் ஒரே விசை.
சும்மா தட்டினால் வ, ஷிஃப்டோடு தட்டினால் ழ.
பிறகு ஒரு சுழி.
மூன்று தட்டு: வழி.
மொழியை மாற்றி, அதே மூன்றைத் தட்டினேன்.
வழி.
மாற்றினேன். தட்டினேன்.
வேலையில்லாதவள் போல ஏழெட்டுத் தடவை.
வறுவேல் சார் தொண்டையைச் செருமினார்.

அதற்குப் பிறகு பலகையைப் பார்க்கவில்லை.
"மேற்கே நடவழி,
வீதி ஒரு கோல்,
மேற்படி ஈச்சம்விளைக்காரர்க்கு
என்றும் நடந்து கொள்ளத்தக்கது."

தம்பியின் காது வாசித்துவிட்டது.
ஈச்சம்விளை, ராஜப்பனுடையது.
வழியை மறித்துக் கல் கட்டியது தம்பி.
கேஸ் கொடுத்தது ராஜப்பன்.
வழியே கிடையாது என்று நிரூபிக்க
நாலு பீரோவைக் கிளறித்
தம்பி தேடி எடுத்த தாள் இது.

பத்திரத்தின்மேல் இருந்த கை
இப்போது மேசைக்கு அடியில்.
வெளியே மார்த்தாண்டம் பஸ் ஒன்று
நின்று, ஆள் ஏற்றி, போனது.

குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"பிள்ளே, அந்த ஒரு வரியை மட்டும்
முதல்ல வந்துதே, பெட்டி,
அதுபோல அடிக்க முடியுமா?"

சிரிக்கிறாரா என்று பார்த்தேன்.
இல்லை.

"இனி முடியாது சார்" என்றேன்,
"மெஷின் படிச்சாச்சு."

பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய்.
மலையாளத்துக்கு என்ன ரேட் என்று
வறுவேல் சாருக்கும் தெரியவில்லை.
பிரிண்டர் தாளை இழுத்தது.