செல்லாத ஒன்பது இரவுகள்

பாலையூற்றில் யோக்கீன் ஐயாவின் இடக்கையில்
கறுப்புப் பட்டியைக் கட்டிவிட்டு வந்தேன்.
பதினான்கு நாள். கழற்றக் கூடாது.
குளிக்கலாம்.

"என்ன விலங்கு பூட்டுறீர்?" என்றார்.
சம்மதப் படிவத்தில்
அவருடைய கையொப்பம் பாதியில் நின்றது.
கீழே றெஜினா அக்காவினது முழுதாய்.

ஆறாம் நாள் இரவு கோடு மாறியது.
குசினிக்கும் கேற்றுக்கும் நடுவே
முந்நூறு அடி.
2.17க்கு இதயம் நூற்றுப் பன்னிரண்டு.
பிறகு விடியும்வரை
அசைவுமில்லை, நித்திரையுமில்லை.
'அலைச்சல் கூடுகிறது' என்று எழுதிப்
பேராசிரியருக்கு அனுப்பினேன்.

பதினைந்தாம் நாள் போனால்
துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கை
வெறுமையாய் மடியில் கிடக்கிறது.
பட்டி அக்காவின் கையில்.

"நேரம் பாக்க உனக்குத்தான் வேணுமெண்டு
இவர் கட்டிவிட்டவர், தம்பி.
கழட்டினா அழுகிறார்."

2.17க்கு?

"கேற் திறந்து கிடந்தது.
ஆளைக் காணேல்லை.
பிறகு பாத்தா, ரோட்டில
லொறியொண்டுக்குக் கை காட்டிக்கொண்டு நிக்கிறார்,
பின்னுக்கு வா, பின்னுக்கு வா எண்டு."

ஒன்பது இரவுகளுக்கும் எதிரே
'செல்லாது' என்று குறித்துக்கொண்டேன்.
பட்டியைக் கழற்றக் கை நீட்டினேன்.

யோக்கீன் ஐயா தட்டிவிட்டார்.
"அது அவளின்ர."