4117

புரூக்ளினில் ஒரு பழைய கிடங்கின் மேல்மாடி.
பலகை பலகையாய்ச் செருகி வைத்திருந்தோம்
விரல்நக அளவு ஆன்டெனாக்களை.
ஆளுக்கு ஒன்று.
எங்கள் வக்கீல்களின் வாதமே அதுதான்:
அவரவர் கூரையில் நட்டுக்கொண்ட கம்பி இது,
ஒயர் மட்டும் கொஞ்சம் நீளம்.

4117 வில்மா ஸ்கார்ப்பாவுடையது.
பென்சன்ஹர்ஸ்ட், மூன்றாம் தளம்.
எதிரே எழும்பிய கட்டடம்
அவள் ஏழாம் சேனலை விழுங்கிவிட்டது.
"வானிலை சொல்பவன் வாய் கோணி நிற்கிறான்" என்பாள் போனில்.
பலகையைக் கழற்றி மாட்டுவேன்.
"இப்போ சிரிக்கிறான்."
வைத்துவிடுவாள்.

காற்றில் சும்மா வருவதுதானே என்றோம்.
சும்மா வருவதைத்தானே விற்கிறீர்கள் என்றார்கள்.
இரண்டும் சரி.
அதுதான் தொந்தரவு.

ஜூன் மாதம், புதன்கிழமை.
ஆறுக்கு மூன்று.
தனித்தனியே பார்த்தாலும்
இவர்கள் எல்லோரும் சேர்ந்து
பொதுமக்கள்தான் என்றது தீர்ப்பு.

பொதுமக்கள்!
தட்டை மடியில் வைத்துத் தனியே சாப்பிடும் வில்மா,
இரவு ஷிஃப்ட் முடித்து
ஒலியை அடக்கிப் பார்க்கும் 2206,
பார்க்காமலே ஓடவிட்டுத் தூங்கும் 890.
ஒருவரையொருவர் அறியாத இந்தக் கூட்டத்தை
முதன்முதலாய் ஒன்றாக எண்ணியது
ஒரு நீதிமன்றம்.
எண்ணிய கையோடு கலைத்தும் விட்டது.

சனிக்கிழமை, மதியத்துக்குச் சற்று முன்
வரிசை வரிசையாய் மின்சாரத்தை இறக்கினேன்.
விசிறிகள் ஓய்ந்த பிறகுதான் உறைத்தது
அந்த அறைக்கு ஜன்னல் இருப்பது.
வெளியே அதே காற்று.
அதே ஏழாம் சேனல்
யாரையும் கேட்காமல்
என்னை ஊடுருவிப் போய்க்கொண்டிருந்தது.

போன் அடித்தது.
வானிலை சொல்பவன்
இன்று வாயே திறக்கவில்லையாம்.