மீளழைப்பு முகவரி

கொக்குவிலில் என் மேசையிலிருந்து பார்த்தால்
பதிவகம் ஒரு பட்டியல்தான்:
எந்தச் சேவை எங்கே,
அசைந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும்.

வரிசை நாற்பத்தொன்று.
குருநகர், ஜெறோம் ஐஸ் வாடி.
"வள்ளம் கரை சேர்ந்தால் அறிவி."
சந்தா போட்டது போன மாரிக்கு முன்.
வாடி பூட்டி ஆறு மாதம்;
பெயரை எடுத்துவிடச் சொல்லி
ஒருத்தரும் வரவில்லை.

விடியப்புறமெல்லாம் பதிவகம் அழைக்கிறது.
பதில் இல்லை.
ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு நாலு, பிறகு பதினாறு,
கொடுத்த காசைக் கேட்கக் கூச்சப்படுகிறவன்போல
இடைவெளியைக் கூட்டிக்கூட்டி அழைக்கிறது.

மூன்று தரம் தவறினால் அழி:
அந்த விதியை எழுதத்தான் எனக்குச் சம்பளம்.
எழுதுமுன், சும்மா, ஒரு சோதனைக்கு,
ஜெறோமின் முகவரி இருந்த இடத்தில்
என் கைபேசியை வைத்தேன்.

மூன்றேகாலுக்குத் தலையணைக்கடியில் அதிர்ந்தது.
"வள்ளம் வந்தது. நண்டு, பதினொரு பெட்டி. ஐஸ் தேவை."

யாரோ ஈரச் சாரத்தோடு
கடலுக்கு முதுகு காட்டி
றோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.
என்னிடம் இருப்பது
பிரிஜ்ஜில் ஒரு தட்டுக் கட்டி.

பதிவகம் ஐஸ் கேட்கவில்லை.
அதற்கு வேண்டியது ஒரு சொல்.
"கிடைத்தது" என்று அனுப்பினேன்.
திருப்தியாய்
நாற்பத்திரண்டுக்குப் போய்விட்டது.

சந்தா முடிய இன்னும் ஒன்பது நாள்.