கேளா நின்றேன்

தர்மினி ரீச்சர் தந்துவிட்டுப் போன தொகைநூலுக்கு
முதுகு இல்லை.
நூற்றிருபது பக்கம், இருபுறமும்,
விடியக்காலை பஸ்ஸுக்கு முதல் வேண்டுமாம்.
புதுக்குடியிருப்புச் சந்தியில்
இந்நேரம் திறந்திருப்பது எங்கள் கொப்பிக் கடைதான்.

தொகுத்தவன் ஒழுங்கான ஆள்.
மலைக்கு ஒரு தலைப்பு, மாட்டுக்கு ஒன்று.
முழுக்கச் செய்யுளில் இருந்ததாம் ஓர் அவல நாடகம்,
அதை ஏழு இடத்தில் வெட்டி
ஏழு தலைப்புக்குள் வைத்திருக்கிறான்.
அரசி அழுவது ‘மழை’யில்.
வாள் உருவுவது ‘உலோகம்’.
இரண்டு பிள்ளைகள் ஒளிந்திருந்த வைக்கோற்போர்
‘வேளாண்மை’யில், உவமை நயத்துக்காக.
கொலை எந்தத் தலைப்புக்கும் பொருந்தவில்லைப் போலும்.
அடிக்குறிப்பு: முழுநூல் கிடைத்திலது.

பக்கம் எழுபத்தொன்று, ‘நீர்’.
குளத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே:

    நீர்தந்து போயினான் நின்றவன் யாரென்று
    பேர்கேளா நின்றேன் பிழை.

கண்ணாடியில் கவிழ்த்து மூடினேன்.
பச்சை வெளிச்சம் பாதி போனது.
கரண்ட் நின்றது.

போன் வெளிச்சத்தில் மறுபடி வாசித்தேன்.
கேளாமல் நின்றாள், அது பிழை என்கிறாளா?
பழைய இலக்கணத்தில்
கேளாநின்றேன் என்றால்
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
உயர்தரத்தில் இதிலேதான் இரண்டு மார்க் விட்டேன்.
முன்காட்சி இருந்தால் தெரிந்திருக்கும்,
அவன் பகைவனா,
தண்ணீருக்குப் பிறகு என்ன நடந்தது என்று.

வட்டுவாகலில் எனக்குத் தண்ணீர் தந்தவனுக்கு
இடது மணிக்கட்டில் ஒரு சூட்டுத் தழும்பு.
தந்தது ஒரு மூடி. போத்தல் மூடி.
எனக்குப் பதினொரு வயது.
சனம் தள்ளியது.

பகலில் இதே கண்ணாடியில் படிவங்களைக் கவிழ்ப்பேன்.
கடைசியாகக் கண்ட இடம்: அரை வரி.
சம்பவம், சுருக்கமாக: மூன்று வரி.
சிலர் இடம் போதாமல்
ஓரத்தால் மேலே ஏற்றி எழுதிக்கொண்டு வருவார்கள்.
ஓரம் கொப்பியில் விழாது.
‘அக்கா, இன்னொருக்கா எழுதுங்கோ’ என்பேன்.
அவனுக்கும் ஒரு படிவம் இருக்கலாம்.
நானே கொப்பி அடித்துக் கொடுத்திருக்கலாம்,
பத்து ரூபாய்க்கு, முகம் பாராமல்.

பதினொன்றேகாலுக்குக் கரண்ட் வந்தது.
மெஷின் இருமி, சிக்கின தாளைத் துப்பியது.
முதல் அடி மட்டும் விழுந்திருந்தது.
‘யாரென்று’ வரை கறுப்பு.
கீழே வெள்ளை.

ரீச்சருக்கு வேறு அடித்து வைத்தேன்.
இதை என் கணக்கில் எழுதினேன்.