எந்தப் பக்கத்துக்கு

ஆடியில் யாரும் தாலி கட்டுவதில்லை.
அதனால்தான் அனுப்பானடி மண்டபம்
எங்களுக்குப் பாதி வாடகைக்குக் கிடைக்கிறது.
நான்கு நாள். இது ஆறாவது வருஷம்.
மணமகள் அறையில் சைக்கிள் செயின் மயில்கள்.
பந்தி மேசை மூன்றை ஒட்டிப்போட்டு
காஜா மைதீன் பஸ் டிக்கெட்டில் செய்த திமிங்கலம்.
கண்டக்டர், திருமங்கலம் டெப்போ,
கடலைப் பார்த்ததில்லை.

பெயர்ச்சீட்டு அடிப்பது என் வேலை.
பெயர், ஊர், பொருள், விலை.
'யாரிடம் பயின்றவர்' என்றொரு கட்டம்
ஏதோ பழைய படிவத்திலிருந்து கூடவே வந்துவிட்டது.
எல்லாரும் ஒரு கோடு இழுத்துத் தருகிறார்கள்.
காஜா மட்டும் 'லீவு நாள்' என்று எழுதியிருந்தார்.

பின்னியக்காளுக்குச் சேடபட்டிப் பக்கம்.
வெள்ளையடிக்கிற ஆளுக்குக் கையாள்.
மிஞ்சிய எனாமலைச் சிரட்டையில் வீட்டுக்குக் கொண்டுபோவாள்.
ஆட்டுக்கொட்டகைக்குக் காயலான் கடையில் வாங்கிய பிளக்ஸ்:
அச்சுப்பக்கம் வானத்துக்கு,
வெள்ளைப்பக்கம் ஆட்டுக்கு.
அந்த வெள்ளையில்
கழுத்து வலிக்க அண்ணாந்து வரைந்திருக்கிறாள்.
ராத்திரி. ஆடு குட்டி போடுகிறது.
ஒருத்தி செல்போனை வாயில் கவ்வி வெளிச்சம் பிடிக்கிறாள்.
ஒரு கை உள்ளே.
மறு கை ஆட்டின் வயிற்றில், சும்மா, தடவியபடி.

கூரையைப் பிரித்து மினி பஸ் தலையில் போட்டு வந்திருந்தாள்.
இப்ப ஆடெல்லாம், என்றேன்.
"நாலு நாளைக்கு நனையட்டும்."

இரண்டாம் நாள் எங்களுக்குப் பிரியாணி கொண்டுவந்த பையன்
பையைத் தராமலே நின்றான்.
மேடைச் சுவரில் அந்தப் படம்.
கீழ் விளிம்பு எங்கள் பக்கமாகச் சுருண்டிருக்க
தீப்பெட்டி அளவில் ஒரு வரிசை முகங்கள்.
கூலிங்கிளாஸ் போட்ட ஒன்றைத் தொட்டு
"இது நான்" என்றான்.

ஏணி போட்டு இறக்கித் திருப்பினோம்.
வெயில் சிவப்பைத்தான் முதலில் தின்கிறது.
எல்லாரும் நீலமாக இருந்தார்கள்.
நடுவில் மொக்கராசு, தலைக்குப் பின்னால் மேகம், இரண்டு புறா.
'கண்ணீர்' அப்படியே இருந்தது.
'அஞ்சலி' இருந்த இடத்தில் கயிறு கோத்த ஓட்டை.

"கப்பலூர்ப் பாலத்துல, பைக்குல.
ஆளுக்கு இருநூறு போட்டு வச்சோம்ணே.
கோட்டு மட்டும் அவனுது இல்ல.
அவன் கோட்டே போட்டதில்ல."

விலை கேட்டான், சிவனாண்டி என்று பேர்.
பின்னியக்காள் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள்.
"எந்தப் பக்கத்துக்கு?"
யாரும் சிரிக்கவில்லை.
பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

மூலையில் ரோஜா டிஜிட்டல்ஸ், ஒரு நம்பர்,
கடைசி எண் மட்டும் கிழிந்து.
பத்து வாய்ப்புதானே.
நாலாவதில் ஜெபஸ்டின் எடுத்தார்,
இப்போது டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறாராம்.
டிசைன் யாருகிட்டக் கத்துக்கிட்டீங்க?
"யாரு சொல்லித் தர்றா சார்.
கடைய அடச்சப்புறம் ராத்திரியில நானா நோண்டுனது."
அந்தக் கோட்டு?
கொஞ்சநேரம் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது.
"என் கல்யாணக் கோட்டு சார்.
ஆல்பத்துல இருந்து வெட்டி வச்சிருந்தேன்.
நல்ல போட்டோ கூட இல்லாமத்தான கொண்டாருவாங்க.
செத்த பயலுக எத்தனையோ பேருக்குப் போட்டு விட்டாச்சு."

மறுநாள் அதை மண்டபத்தின் நடுவில்,
மின்விசிறிக் கொக்கியிலிருந்து,
இருபுறமும் வந்து பார்க்கும்படித் தொங்கவிட்டோம்.
இரண்டாவது சீட்டு ஒன்று அடித்தேன்.
ஜெபஸ்டின், வில்லாபுரம்.
பொருள்: ஒரு கோட்டு.
விலைக் கட்டத்தில் என்ன போடுவதென்று தெரியாமல் விட்டேன்.
பயின்ற கட்டத்தில் கோடு.

திமிங்கலம் விற்கவில்லை. மயில்களில் மூன்று போயின.
பின்னியக்காள் தன்னுடையதை விற்கமாட்டேன் என்றுவிட்டாள்.
சுருட்டியதன் மறுமுனையை
மினி பஸ் வரை தூக்கிவந்தவன் சிவனாண்டிதான்.
"முகம் மேல பாக்கத்தான் கட்டுவேன்,
எனக்கு ஆடுதான் முக்கியம்.
மழ பேஞ்சா அவந்தான் நனைவான், பாத்துக்க" என்றாள்.

அவன் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தான்.
"நனையட்டும்க்கா.
கோட்டுப் போட்டிருக்கான்ல."