இருபத்திரண்டு நிமிடம்

அமீனா வந்தபோது
மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
வில்லாபுரம் ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
சுமை தூக்க இரண்டு பேர், கீழே ஒரு குட்டியானை,
பின்னால், படியேறிய மூச்சு இன்னும் அடங்காத
கீழமாசி வீதி அருஞ்சுனை அண்ணாச்சி.

டிவி முதலில் போனது.
அது மறைத்திருந்த சுவர் மட்டும்
நாங்கள் குடிவந்த நாளின் பச்சையில் இருந்தது.
உடுத்துற துணி எடுக்க மாட்டோம், பீரோ எடுப்போம்.
தாலியத் தொட மாட்டோம், பயப்படாதீங்க.
சமைக்கிற பாத்திரம், படுக்கிற பாய், ஒங்களுக்கு.
கருணையையும் சட்ட எண் சொல்லித்தான் தந்தார்.

பிறகு மெஷின்.
உள்ளே துணி.
துணி எங்களுக்கு, மெஷின் கோர்ட்டுக்கு.
கதவோ பூட்டிக்கொண்டு
22 என்று சிவப்பில் காட்டியது.
பிளக்கைப் பிடுங்கிரவா என்றான் சுமைக்காரன்.
பிடுங்குனா பூட்டு திறக்காது என்றேன்.
உண்மைதான்.
உண்மையில்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

நாற்காலிகள் பட்டியலில் ஏறிவிட்டதால்
உட்காரலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.
அண்ணாச்சி முழங்காலை நீவியபடி தரையில் அமர்ந்தார்.
டீ போட்டேன். அடுப்பு எனக்குத்தானே.
சீனி வேண்டாம் என்றார்.
"ஒங்க வீட்டுக்காரரு ஒரு தடவ வந்து
மூஞ்சியக் காட்டிருந்தா
நான் இம்புட்டுத் தூரம் வந்திருக்க மாட்டேம்மா.
நாலு நோட்டீசு விட்டேன்."
எந்த நோட்டீஸ் என்று நான் கேட்கவில்லை.
இவர் விடியக்காலை பஸ்ஸுக்கே
மேலூர் போயிருந்தார்,
அங்கே ஏதோ வேலை இருக்கிறதென்று.

கடைசிச் சுற்றுக்கு மெஷின்
உடம்பெல்லாம் குலுங்கியது.
காலி டம்ளர்கள் கிணுகிணுத்தன.
எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்,
பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி.

திறந்தேன்.
இவருடைய கட்டம்போட்ட சட்டை,
பிள்ளையின் யூனிஃபார்ம், என் உள்பாவாடை,
எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாய்த் துணுக்கு.
சட்டைப்பைக்குள் காகிதக் கூழ்.
பிரித்தேன், பிரியவில்லை.
ஊதா முத்திரையில் ஒரு கால்வட்டம் மட்டும்
விரலில் ஒட்டிக்கொண்டது.

அமீனா எட்டிப் பார்த்தார்.
தினமும் குத்துகிற முத்திரை, தெரியாமலா இருக்கும்.
ஒன்றும் கேட்காமல் பேனாவை நீட்டினார்.
"கையத் தொடச்சிட்டுப் போடுங்கம்மா."

தொடைக்காமல் போட்டேன்.

சாய்த்து இறக்கும்போது
மெஷினின் அடியில் தங்கியிருந்த தண்ணீர்
மூன்று மாடிக்கும் ஒழுகிக்கொண்டே போனது.
தூக்குகிறவர்கள் வழுக்கிவிடக் கூடாதென்று
பழந்துணியோடு
பின்னாலேயே நான்
ஒவ்வொரு படியாகத் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.