நாலாம் தடவை

நாலு அங்குல பிவிசி குழாய் இரண்டு,
முனைக்கு மூடி, மூடியைச் சுற்றி எம்சீல்.
நடுவில் ஒரு சாப்பாட்டு டப்பா,
மூளை அதற்குள்தான்.
கம்பத்துக்குக் கருவேலங்குச்சி.
மொத்தச் செலவை
ஐஸ் பேக்டரி ரசீதின் முதுகில்
பாண்டிமீனாள் எழுதி வைத்திருக்கிறாள்:
ஒன்பதாயிரத்து நூற்று நாற்பது.
அதில் நானூறு, கிழிந்த நண்டு வலைக்கு.

முதல் தடவை
திருப்பாலைக்குடித் துறையில் இறக்கியதும்
அரை வட்டம் போட்டுத் திரும்பி
என் முழங்காலில் வந்து முட்டியது.
திசைகாட்டியைத் தலைகீழாக ஒட்டியிருந்தேன்.

இரண்டாம் தடவை, பாசி.
விசிறியில் சுற்றிக்கொண்டதும்
நார் சிக்கிய மிக்ஸி மாதிரி முனகல்.

மூன்றாம் தடவைதான் அந்த வலை.
சீனி வகாப் தோளில் போட்டுக் கொண்டுவந்தார்.
"ஒங்க புள்ள எங்க வலையில படுத்துக் கெடந்துச்சு."
சிரிக்கவில்லை. நானூறை எண்ணி வாங்கினார்.
வாசல்வரை போய்த் திரும்பிக் கேட்டார்,
"இதுக்கு டோக்கன் வாங்கியாச்சா?"

உப்பு, சூடு, கலங்கல், புளிப்பு
நாலையும் அளக்கும்.
தண்ணீரில் கரைந்திருக்கும் மூச்சை அளக்க
ஒரு கருவி இருக்கிறது.
அதன் விலைக்கு இதுபோல் மூன்று படகு கட்டலாம்.
மூச்சை விட்டுவிட்டோம்.
மீன்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

வாடை ஓய்ந்த மாசி ராத்திரி
பதினொன்றே காலுக்கு விட்டோம்.
துறையிலிருந்து ஓடைவாய்,
ஓடைவாயிலிருந்து பாசித்திட்டு,
திரும்பக் கரை.
ஆளில்லை. விளக்கு மட்டும் ஒன்று,
அவள் மகனின் சைக்கிளில் கழற்றியது.

போனில் கலங்கல் எண் வந்துகொண்டே இருந்தது.
பன்னிரண்டு. பதினொன்று.
பன்னிரண்டு.
பன்னிரண்டு.
நல்ல கடல் கொட்டாவி வரவைக்கும்
என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு நாற்பதுக்கு, ஓடைவாயில்,
நூற்று எண்பத்து மூன்று.
உப்பு சட்டென்று இறங்கிவிட்டது.
பாண்டிமீனாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இறால் பண்ணையில் அந்த நேரத்துக்கு
மதகுப் பலகையைத் தூக்குகிற ஆள் யாரென்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
கொஞ்ச நேரத்துக்கு முன்னால்
அவருக்குத்தான் தூக்குவாளியில்
சோறு கொடுத்தனுப்பினாள்.

நான் போனைத் திருப்பி வைத்தேன்.
அவள் அதை மறுபடி நிமிர்த்தி வைத்தாள்.

"தப்பாவும் காட்டுமா?"
"காட்டும். பத்துக்கு ஒண்ணு."
"அப்ப இன்னும் ஒம்போது தடவ விடு."

விளக்கு
கரையைத் தேடித் தள்ளாடி வந்தது,
ஒரு குழாய் லேசாகத் தாழ்ந்து.
மேலெல்லாம் சாம்பல் நிறத்தில் கசடு.
குடம் பதினைந்து ரூபாய்க்கு வாங்கிய நல்ல தண்ணீரில்
ஒரு செம்பு மொண்டு
விசிறியைக் கழுவினாள்.
இன்னொரு செம்பு.

பிறகு ரசீதைத் திருப்பி
செலவுக்குக் கீழே
தேதி, நேரம், நூற்று எண்பத்து மூன்று
என்று எழுதினாள்.
பேனா பாதியில் நின்றது.
உதறினாள்.
எழுதி முடித்தாள்.